நெவில் சேம்பர்லைன் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

டர்பனில் தமிழ் மாணவர்களுக்காக, பிரித்தானியப் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லைனைப் பற்றி எழுத முற்படுவோர், முதலில் தந்தையையும் மகனையும் பிரித்துக் காட்டிவிட வேண்டும்; காந்தி முதலானோர் இந்தியரின் குறைகளை முறையிட்டது, 1902ஆம் ஆண்டின் இறுதியில் நேட்டாலுக்கு வந்த பிரித்தானியக் குடியேற்ற நாட்டு அமைச்சரான தந்தை ஜோசப்பிடமே, மகன் நெவிலிடம் அன்று.

பிறகு நெவிலின் வணிக வாழ்க்கையை விரிவாக எழுதுங்கள், ஏனெனில் பலர் அதைத் தாண்டி நேராக 1938இல் அவர் ஹிட்லருடன் செய்த மியூனிக் ஒப்பந்தத்திற்குப் போய்விடுகிறார்கள். பஹாமாஸின் ஆண்ட்ரோஸ் தீவில் தந்தையின் பணத்தில் சிசல் எனும் நார்க்கற்றாழையைப் பயிரிட்ட அவர், செடி செழிக்காமல் சுமார் 50,000 பவுன் நட்டத்துடன் திரும்பினார்; கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் வழிவந்த நம் பிள்ளைகளுக்கு மண் கைவிட்ட கதையை விளக்க வேண்டியதில்லை. அதன்பின் பர்மிங்காமில் கப்பல்களுக்கான உலோகப் படுக்கைகள் செய்யும் நிறுவனத்தைத் திறம்பட நடத்தினார். கணக்குப் பார்த்துப் பேரம் முடிக்கும் அந்தப் பழக்கமே ஹிட்லரிடமும் பலிக்கும் என்று அவர் நம்பினார் என்பது என் கருத்து. அதைக் கருத்தாகவே குறியுங்கள்.

1918இல் நாடாளுமன்றம், 1931 முதல் நிதியமைச்சு, 1937இல் பிரதமர் பதவி ஆகியவற்றுக்கு ஓரிரு வரிகள் போதும்.

1939 செப்டம்பர் 3 அன்று அவர் போரை அறிவித்ததை எழுதும்போது, மறுநாள் நம் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் 80க்கு 67 என்ற வாக்கில் போரில் சேர முடிவெடுத்ததையும், பிரதமர் ஹெர்ட்சோக் விலகி ஸ்மட்ஸ் பிரதமரானதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நார்வேயில் நேர்ந்த போர்த் தோல்வி பற்றிய பிரித்தானிய நாடாளுமன்ற விவாதத்தில் அரசின் பெரும்பான்மை 81 ஆகச் சுருங்கியதால் 1940 மே 10 அன்று பதவி விலகிய சேம்பர்லைன், அதே நவம்பரில் இறந்தார்.