பெயர் சரி, பாட்டு தவறு: ஆண்டின் முதலிட நடனப் பாடல்களைத் தொகுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த டிசம்பரில், நிகழ்ச்சிகளில் பாடல்களை இணைத்து வாசிக்கும் டிஜே தொழிலுக்கு, அதாவது என் தொழிலுக்கு, வந்து ஓராண்டுகூட நிறையாத ஓர் இளைஞர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு விருகம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். பள்ளித் தோழர்கள் ஒன்றுகூடும் ஒரு நிகழ்ச்சிக்காக, 2016-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாடல்களைக் கொண்டு ஒரு மணி நேரத்துக்கு செட் (தொடர்ந்து வாசிக்கும் பாடல் வரிசை) அமைத்திருந்தார். மூன்றாவது பாட்டு அடெல் பாடிய ‘ஹலோ’. பியானோவின் முதல் சில சுரங்கள் ஒலித்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பட்டியலில் பாட்டின் பெயர் இருந்தது உண்மை. ஆனால் அவர் எடுத்து வைத்திருந்தது முதலிடம் பிடித்த பாட்டு அல்ல. பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறு அது.

ஒலித்தரம் குறைந்த கோப்புகளை வாசிப்பது, பாட்டின் பெயரைப் பிழையாக எழுதுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒரு முறை மேடையில் பட்டாலே யாரும் திருத்திக்கொள்வார்கள். பட்ட பிறகும் புரியாமல் மறுபடியும் செய்யப்படும் தவறுகளே இந்தக் கட்டுரைக்குரியவை.

ஒரே ஒரு பட்டியல்தான் உண்டு என்று எண்ணுவது

“அந்த வருஷம் டான்ஸ் சார்ட்டில் நம்பர் ஒன் எது?” என்று கேட்டால், எந்தப் பட்டியலில் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பில்போர்டு பத்திரிகையின் முதல் நடனப் பட்டியல் 1974 அக்டோபர் 26 அன்று, நியூயார்க் நகரத்து டிஸ்கோக்களை மட்டும் வைத்து வெளிவந்தது. அதன் வழித்தோன்றலான கிளப் பட்டியல் 2020 மார்ச் வரை நடந்தது. கொரோனாவால் கிளப்புகள் மூடப்பட்டபோது அதுவும் நின்றுபோனது. நடனப் பாடல்களுக்கான வானொலிப் பட்டியல் 2003-இல் தொடங்கியது. விற்பனை, ஸ்ட்ரீமிங், வானொலி, கிளப் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் நடன-மின்னிசைப் பட்டியல் 2013-இல் வந்தது. 2025 ஜனவரியில் அதிலிருந்து நடன-பாப் பாடல்களைப் பிரித்துத் தனிப் பட்டியல் ஆக்கினார்கள். பிரிட்டனின் நடனப் பட்டியல் இவை எதனோடும் சேராதது.

இவற்றின் குணம் எவ்வளவு மாறுபடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2013-இல் பிறந்த பட்டியலில் மார்ஷ்மெல்லோவும் பாஸ்டில் குழுவும் சேர்ந்து தந்த ‘ஹேப்பியர்’ 69 வாரங்கள் முதலிடத்தில் அமர்ந்திருந்தது. அதே காலத்தில் கிளப் பட்டியலின் முதலிடம் ஏறக்குறைய வாரந்தோறும் கைமாறியது. மடோனா ஒருவரே அந்தக் கிளப் பட்டியலில் 50 முறை முதலிடம் கண்டது அங்கே இருந்த இந்த வேகமான சுழற்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சாதனை. ஆகவே, ஒரு பட்டியலை எடுத்தால் ஓராண்டுக்கு ஒரு கைப்பிடிப் பாடல்கள்கூடத் தேறாது. மற்றொன்றை எடுத்தால் ஓர் இரவுக்குள் வாசித்து முடிக்க இயலாது. இரண்டையும் கலந்து ஒரே தலைப்பின்கீழ் வைப்பது, கேட்பவர்களுக்குத் தவறான தகவலைக் கொடுப்பதாகும்.

பெயரைப் பார்த்துப் பாட்டை எடுப்பது

இந்தத் தவறைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு மிகுந்த இழப்பை உண்டாக்கியதும், இன்றுவரை பிறர் செய்யப் பார்க்கும்போது என்னை எரிச்சல்படுத்துவதும் இதுவே.

2007-ஆம் ஆண்டு, 1997-இல் கல்லூரி முடித்த ஒரு வகுப்பினர் தங்கள் பத்தாம் ஆண்டுச் சந்திப்பைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மண்டபத்தில் வைத்திருந்தார்கள். அவர்கள் கல்லூரியை விட்டு வெளியேறிய காலத்தில் உலகம் எந்தப் பாடல்களுக்கு ஆடிக்கொண்டிருந்ததோ அவை வேண்டும் என்று கேட்டார்கள். நான் மிகுந்த சிரத்தையோடு கிளப் பட்டியலின் முதலிடங்களைத் தாளில் எழுதி, பர்மா பஜாரில் தேடித் தேடி சிடிகளை வாங்கினேன். அந்தத் தாளில் டோனி பிராக்ஸ்டன் பாடிய ‘அன்-பிரேக் மை ஹார்ட்’ இருந்தது. நான் வாங்கியது அவருடைய ஆல்பம்.

இரவு எட்டரை மணி இருக்கும். நாற்பது பேருக்குக் குறையாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒலிவாங்கியில் பாட்டின் பெருமையைச் சொல்லிவிட்டு, முந்தைய பாட்டின் தாளத் தட்டை மெல்லக் குறைத்து இதை ஏற்றினேன். கிட்டார் மென்மையாக ஒலித்தது. தட்டு வரவில்லை. முன்வரிசையில் பச்சைப் பட்டுப்புடவை உடுத்திய ஒருவர், உயர்த்திய கையைக் கீழே இறக்காமல், அடுத்த தட்டு எப்போது விழும் என்று என் முகத்தையே பார்த்தபடி நின்றார். பிறகு அந்தக் கை இறங்கியது. ஒருவர் பின் ஒருவராக விலகி, பாட்டு பாதியை எட்டுவதற்குள் எல்லோரும் பந்திப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைத்துவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. பேசிய 12,000 ரூபாயில் 7,000 மட்டுமே கையில் வந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, அடுத்தடுத்த வகுப்பினரின் சந்திப்புகளுக்கு என்னை யாரும் அழைக்கவில்லை என்பது.

நடந்தது என்னவென்று எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் விளங்கியது. அந்தப் பாட்டின் ஆல்பம் வடிவம் நிமிடத்துக்கு 60 தட்டுக்கும் குறைவான நடையில் செல்லும் சோகப் பாட்டு. கிளப்புகளில் ஆடியவர்கள் கேட்டது அது அல்ல. ஹெக்ஸ் ஹெக்டரும் சோல் சொல்யூஷனும் சேர்ந்து 120-க்கும் மேற்பட்ட நடையில் அமைத்த ரீமிக்ஸ். குரல் டோனி பிராக்ஸ்டனுடையது. அதன் அடியில் ஓடும் தாளம், பேஸ், எழுச்சி எல்லாமே புதிது.

இது ஏதோ ஒரு பாட்டுக்கு மட்டும் நேர்ந்த விதிவிலக்கு அல்ல. கிளப் பட்டியல் விற்பனையை எண்ணிப் போடப்பட்டதில்லை. நாடெங்கும் தெரிந்தெடுக்கப்பட்ட டிஜேக்கள், தங்கள் கிளப்பில் எந்தப் பாட்டுக்கு நல்ல வரவேற்பு இருந்தது என்று வாராவாரம் அனுப்பும் அறிக்கைகளைக் கொண்டு அது தொகுக்கப்பட்டது. அந்த டிஜேக்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இசை நிறுவனங்கள், மெதுவான பாட்டைக்கூட இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து ரீமிக்ஸ் செய்யவைத்து, 12 அங்குல இசைத்தட்டுகளாக அனுப்பின. விட்னி ஹூஸ்டனின் ‘இட்ஸ் நாட் ரைட் பட் இட்ஸ் ஓகே’ 1999-இல் அங்கே முதலிடம் பிடித்தது தண்டர்புஸ் அமைத்த ரீமிக்ஸின் பலத்தில். டெபோரா காக்ஸின் ‘நோபடிஸ் சப்போஸ்டு டு பி ஹியர்’ பாட்டுக்கும் அப்படியே, ஹெக்ஸ் ஹெக்டரின் கைவண்ணம். பட்டியலிலோ பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் மட்டுமே பெரிதாகத் தெரியும். அதை மட்டும் படித்துவிட்டு ஸ்ட்ரீமிங் செயலியில் தேடினால், முதலில் வந்து நிற்பது ஆல்பம் வடிவமாகத்தான் இருக்கும். ரீமிக்ஸ் வேறொரு சிங்கிளின் (தனிப் பாட்டாக வெளியிட்ட பதிவின்) பக்கத்தில், நான்கைந்து வடிவங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும்.

இதே தவறு ஆண்டுக் கணக்கையும் குலைக்கும். செயின்ட் ஜானின் ‘ரோசஸ்’ 2016-இல் வந்த பாட்டு. கஜகஸ்தானைச் சேர்ந்த, அப்போது ரயில் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இமான்பெக் 2019-இல் அதை ரீமிக்ஸ் செய்தார். 2020 மார்ச்சில் அது பிரிட்டனில் முதலிடத்தை எட்டியது. மறு ஆண்டு அவருக்கு கிராமி விருதும் கிடைத்தது. அசல் வடிவத்தை எடுத்துவைத்து 2016 என்று போடுகிறவரும், ரீமிக்ஸை எடுத்துவைத்து அதற்கும் 2016 என்று போடுகிறவரும் தவறே செய்கிறார்கள். ஓமி பாடிய ‘சியர்லீடர்’ 2012-இல் வெளிவந்த பாட்டு. அது எல்லா வகைப் பாடல்களுக்குமான அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது 2015-இல், ஃபெலிக்ஸ் யேனின் ரீமிக்ஸாக.

அதனால் நான் இப்போது ஒவ்வொரு பாட்டுக்கும் நான்கு விவரங்களை நோட்டில் எழுதாமல் செட்டில் சேர்ப்பதில்லை: எந்தப் பட்டியல், பட்டியலின் தேதி, எந்த வடிவம், ரீமிக்ஸ் செய்தவர் யார். நான்கில் ஒன்று காலியாக இருந்தாலும் பாட்டு வெளியே நிற்கும். பிறகு கோப்பைத் திறந்து முதல் 30 விநாடிகளைக் காதால் கேட்பேன். கிளப் ரீமிக்ஸ் என்றால் பெரும்பாலும் தொடக்கத்தில் வெறும் தட்டு மட்டும் நீண்ட நேரம் ஓடும், ஏனென்றால் அடுத்த டிஜே முந்தைய பாட்டோடு அதை இணைக்க இடம் வேண்டும். நீளமும் எட்டு, ஒன்பது நிமிடம் வரும். மூன்றரை நிமிடத்தில், முதல் நொடியிலேயே பாட்டு தொடங்கினால் சந்தேகப்படுங்கள். உரிய ரீமிக்ஸ் கிடைக்கவே இல்லையென்றால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள். யாரோ பெயர் தெரியாதவர் வீட்டிலிருந்து வேகம் கூட்டிப் பதிவேற்றிய ஒன்றை அதன் இடத்தில் வைத்து முதலிடப் பாட்டு என்று அறிவிப்பது என் கண்ணுக்கு முறையற்ற செயல்.

விருகம்பாக்கத்துக்கு வந்த இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னபோது, “அண்ணா, பேரு கரெக்டா இருக்கே” என்றார். பத்து ஆண்டுகளாக இதே வார்த்தைகளைப் பலர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். இருவரும் உட்கார்ந்து அவருடைய 14 பாடல்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டோம். ஐந்து மட்டுமே முதலிடம் பிடித்த வடிவங்கள்.

பட்டியலின் தேதியை அப்படியே நம்புவது

பில்போர்டு தன் பட்டியலில் அச்சிடும் தேதி, பாட்டு கேட்கப்பட்ட நாள் அல்ல. பட்டியல் வெளியான பிறகு வரும் சனிக்கிழமை. 2020 ஜனவரி 4 என்று தேதியிட்ட பட்டியலின் ஸ்ட்ரீமிங், விற்பனைக் கணக்கு 2019 டிசம்பர் 20 முதல் 26 வரைக்குரியது. அதாவது, 2019 கிறிஸ்துமஸ் அன்று மக்கள் கேட்டது 2020-ஆம் ஆண்டின் கணக்கில் ஏறும். தேதியிட்ட நாளைக் கொள்வதா, மக்கள் கேட்ட நாளைக் கொள்வதா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவுசெய்து, கடைசிப் பாட்டு வரை அதையே பின்பற்றுங்கள். ஜனவரிக்கு ஒரு முறையும் டிசம்பருக்கு வேறொரு முறையும் வைத்துக்கொண்டால், ஒரே பாட்டு இரண்டு ஆண்டுகளில் வரும் அல்லது இரண்டிலும் வராமல் போகும்.

ஆண்டின் சிறந்த பாட்டும் முதலிடப் பாட்டும் ஒன்றே என்று கொள்வது

ஆண்டிறுதிப் பட்டியல் 12 மாதப் புள்ளிகளின் கூட்டுத்தொகை. டுவா லிபாவின் ‘லெவிடேட்டிங்’ ஹாட் 100 பட்டியலில் இரண்டாம் இடத்தைத் தாண்டவே இல்லை. ஆயினும் 2021-இன் ஆண்டிறுதிப் பட்டியலில் முதலில் நின்றது. மேலும் பில்போர்டின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை; 2021-இன் கணக்கு 2020 நவம்பரில் தொடங்கி 2021 நவம்பரில் முடிந்தது.

ஒரு வரிக்கு ஒரு பாட்டு என்று எண்ணுவது

பழைய கிளப் பட்டியல்களில் ஒரே வரியில் இரண்டு பாடல்கள் இருக்கும். மடோனாவின் ‘ஹாலிடே’யும் ‘லக்கி ஸ்டாரும்’ 1983-இல் ஒன்றாகவே முதலிடம் பிடித்தன. டோனா சம்மரின் ‘ஃபோர் சீசன்ஸ் ஆஃப் லவ்’ போல முழு ஆல்பமும் ஒரே வரியாக ஏறியதும் உண்டு.

வாரங்களைக் கூட்டும்போது

1980களில் ஆண்டின் கடைசி வாரம் பில்போர்டு இதழ் வெளிவரவில்லை; முந்தைய வாரப் பட்டியலே அந்த வாரத்துக்கும் நீடித்தது. அந்த வாரத்தையும் சேர்த்து எண்ணுங்கள்.

பாடியவரின் பெயரை விட்டுவிடுவது

இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். நடன இசையில் குரலைக் கொடுத்தவர்களின் பெயரை மறைத்த வரலாறு உண்டு. 1989-இல் பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்து, அந்த ஆண்டு மிக அதிகமாக விற்ற சிங்கிளாகவும் ஆன ‘ரைடு ஆன் டைம்’ பாட்டில் கேட்ட குரல் லொலீட்டா ஹாலவே 1980-இல் பாடியதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. 1991-இல் அமெரிக்காவில் முதலிடம் கண்ட ‘கோன்னா மேக் யூ ஸ்வெட்’ பாட்டின் உச்சக் குரல் மார்த்தா வாஷுடையது. வீடியோவில் வாயசைத்தவர் வேறொருவர். மார்த்தா வாஷ் வழக்குத் தொடுத்தே தன் பெயரை மீட்க வேண்டியிருந்தது. நீங்கள் மேடையில் அறிவிக்கும்போது குழுவின் பெயரோடு நிறுத்தாமல் அந்தப் பெண்களின் பெயர்களையும் சொல்லுங்கள். அதற்கு ஐந்து விநாடி போதும்.

முதலிடம் பிடித்தது சென்னைக்கும் தெரிந்திருக்கும் என்று நினைப்பது

தெரிந்திருக்காது. இரண்டு அறியாத பாடல்களுக்கு ஓர் அறிந்த பாட்டு என்று கலந்து வையுங்கள்.

நீண்ட ரீமிக்ஸை இறுதிக்கு வைப்பது

திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. ஒன்பது நிமிட ரீமிக்ஸை 9.55 மணிக்குத் தொடங்கினால் அதன் உச்சம் வருவதற்குள் மண்டபத்தார் வந்து மின்விசையை அணைத்துவிடுவார். 9.45-க்கு முன்பே தொடங்குங்கள்.