ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு வெட்டி வெட்டி வருகிறதா? லேப்டாப்பில் சரிசெய்வது எப்படி

போனில் அதே ஹெட்போன் ஒழுங்காகப் பாடுகிறது. லேப்டாப்போடு இணைத்தால் மட்டும் பாட்டு விட்டு விட்டு வருகிறது. இதற்குத் தீர்வு தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை, "டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்" என்பதுதான். (லேப்டாப்பில் உள்ள ஒரு கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்தான் டிரைவர்.) அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். சத்தம் எந்த இடத்தில் அறுகிறது என்று தெரியாமல் செட்டிங்கை மாற்றிக்கொண்டே போனால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று அப்புறம் பிரித்துப் பார்க்கவே முடியாது.

உள்ளே நடப்பதை முதலில் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். ப்ளூடூத் 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்குகிறது. பாட்டு கேட்கும் வகை ப்ளூடூத் அந்த இடத்தை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1600 தடவை வரை தடம் மாறிக்கொண்டே இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் புழங்குவதும் அதே இடத்தில்தான். வழியில் தொலைந்த தகவலை லேப்டாப் திரும்ப அனுப்பும். ஹெட்போன் எப்போதும் கொஞ்சம் சத்தத்தை முன்கூட்டியே வாங்கிக் கையிருப்பில் வைத்திருக்கும். அந்த இருப்பு தீர்வதற்குள் தொலைந்தது வந்து சேராவிட்டால், அந்த இடத்தில் சத்தம் அறுகிறது.

படி 1: சோதனை

எந்தச் செட்டிங்கையும் தொடாமல் மூன்று சோதனைகள்.

முதலில் ப்ளூடூத்தைத் துண்டித்துவிட்டு, அதே பாட்டை லேப்டாப்பின் ஸ்பீக்கரில் கேளுங்கள். அங்கேயும் வெட்டினால் ப்ளூடூத் மேல் பழி இல்லை. படி 5-க்குப் போய்விடுங்கள்.

அடுத்து, ஹெட்போனை இணைத்து, லேப்டாப்பிலேயே சேமித்து வைத்திருக்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பிறகு வைஃபையைப் போட்டு, பெரிய கோப்பு ஏதாவது டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கும்போது அதே பாட்டைக் கேளுங்கள். முதல் தடவை சுத்தமாகவும் இரண்டாம் தடவை வெட்டியும் வந்தால், குற்றவாளி வைஃபைதான். என்னைக் கேட்டால், எல்லாச் சோதனைகளிலும் அதிகம் சொல்லித்தருவது இதுதான்.

மூன்றாவது, ஒரு வீடியோவை ஓட விட்டுப் பாருங்கள். படம் ஓடிக்கொண்டே இருக்க, சத்தம் மட்டும் கண நேரம் அறுந்தால் அது ப்ளூடூத் கோளாறு. படமும் சேர்ந்து நின்று வட்டம் சுற்றினால் இணைய வேகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

படி 2: இடத்தை மாற்றுங்கள்

மனித உடலில் பெரும்பங்கு தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். லேப்டாப்பைப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பாட்டு கேட்டால் வெட்டுவது அதனால்தான். பல லேப்டாப்களில் ஆன்டெனா திரையின் ஓரத்தில் இருக்கும். மூடியை மூடி வெளி மானிட்டரில் வேலை செய்கிறவர்கள், ஒருமுறை மூடியைத் திறந்துவைத்துப் பாருங்கள்.

யூஎஸ்பி 3 போர்ட்டையும் கவனியுங்கள். இதைப் பலர் சந்தேகிப்பதே இல்லை. வெளி ஹார்டு டிஸ்க், பென் டிரைவ், யூஎஸ்பி ஹப் போன்றவை யூஎஸ்பி 3 வேகத்தில் ஓடும்போது வெளிவிடும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்வரை பரவும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கியதும் சத்தம் சரியானால், அதை லேப்டாப்பின் மறுபக்கப் போர்ட்டில் மாட்டுங்கள், அல்லது இரைச்சலை வெளியே விடாத நல்ல உறையுள்ள நீளமான கேபிளில் தள்ளி வையுங்கள்.

படி 3: வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்

லேப்டாப்பில் வைஃபையும் ப்ளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில் (கார்டு) இருக்கும். பல அட்டைகளில் ஆன்டெனாவும் பொதுதான். வைஃபையும் 2.4-இல் ஓடினால் இரண்டும் முறை வைத்துத்தான் பேச முடியும். வைஃபைக்கு வேலை கூடும்போது ப்ளூடூத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். கீழே 'நெட்வொர்க் பேண்ட்' என்ற வரி இருக்கும். அதில் 2.4 என்று இருந்தால், ரூட்டர் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரோடு இணையுங்கள். சில ரூட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும். அப்படியானால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸில் வைஃபை அட்டையை டபுள் கிளிக் செய்யுங்கள். 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'ப்ரிஃபர்டு பேண்ட்' இருக்கும். அதில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். இன்டெல் அட்டைகளில் இந்தப் பெயரிலேயே இருக்கும், மற்றவற்றில் பெயர் கொஞ்சம் மாறலாம். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டுவதில் கொஞ்சம் மந்தம், ரூட்டர் தூரத்து அறையில் இருந்தால் வேகம் குறையும். லேன் கேபிள் இழுக்க வசதி இருந்தால் அதற்கு மிஞ்சியது இல்லை.

ப்ளூடூத் செட்டிங்கில் புதிய கருவி தேடும் ஜன்னல் திறந்திருந்தால் மூடிவிடுங்கள். தேடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் பாட்டுக்குப் போக வேண்டிய நேரம்.

படி 4: மீட்டிங்கில் மட்டும் சத்தம் கெடுகிறதா?

ஜூம், டீம்ஸ் திறந்ததும் பாட்டு பழைய லேண்ட்லைன் போன்போல ஒலித்தால் அது வேறு சங்கதி. வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு ஒரு முறை என்று இரண்டு உண்டு. ஹெட்போனின் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் லேப்டாப் பேச்சு முறைக்குத் தாவிவிடும். அதில் ஸ்டீரியோ இல்லை. ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளந்து அனுப்புகிறது என்ற கணக்கும் (சாம்பிள் ரேட்) 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 16-க்கு இறங்கும், பழைய கருவிகளில் 8-க்கே இறங்கும். இதில் ரிப்பேர் செய்ய ஒன்றும் இல்லை. செட்டிங்ஸில் சவுண்ட் பகுதியிலும் அந்தந்தச் செயலியிலும் இன்புட்டாக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

படி 5: லேப்டாப்பே திணறுகிறதா?

ஸ்பீக்கரிலும் வெட்டுகிறது என்றால், ஏதோ ஒரு டிரைவர் ப்ராஸசரை விடாமல் பிடித்துவைத்திருக்கலாம். லேட்டன்சிமான் என்ற கருவி இதைக் காட்டிக்கொடுக்கும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். பாட்டைப் போட்டுவிட்டுச் சில நிமிடம் ஓடவிட்டால், எந்த டிரைவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டது என்று பெயரோடு வரும். அந்த டிரைவரை மட்டும் புதுப்பியுங்கள். பேட்டரி சேவர் போட்டிருந்தால் அதையும் அணைத்துப் பாருங்கள்.

படி 6: மின்சிக்கனமும் டிரைவரும்

டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்றொரு பக்கம் உண்டு. மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைத்துவிடலாம் என்று விண்டோஸுக்கு அனுமதி தரும் டிக் அங்கே இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது, தேடி அலைய வேண்டாம்.

டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில், உங்கள் மாடல் எண்ணைப் போட்டு எடுங்கள். ப்ளூடூத்துக்குத் தனி, வைஃபைக்குத் தனி; இரண்டையும் போட வேண்டும். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் விளம்பரத்தில் வரும் மூன்றாம் நபர் மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது என்றால், அதே ப்ராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். பிறகு ஹெட்போனை லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டு, ஹெட்போனையும் ரீசெட் செய்து, புதிதாக இணையுங்கள். ஒரே நேரத்தில் போனோடும் இணைந்திருக்கும் ஹெட்போன் என்றால் சோதிக்கும்வரை போனின் ப்ளூடூத்தை அணைத்து வையுங்கள்.

இத்தனைக்கும் மசியாவிட்டால் தனியாக ஒரு யூஎஸ்பி ப்ளூடூத் டாங்கிள் (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ப்ளூடூத் அடாப்டர்) வாங்கலாம். அதை நேராக லேப்டாப்பில் செருகாமல், ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி யூஎஸ்பி 3 கருவிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு ப்ளூடூத்தைத்தான் கையாளும் என்பதால், பழைய அடாப்டரை டிவைஸ் மேனேஜரில் 'டிஸேபிள்' செய்துவிட்டு, டாங்கிளோடு ஹெட்போனை மறுபடி இணைக்க வேண்டும்.