ஆற்றிலிருந்து ஒரு குவெஸ்ட்: முதன்முதலாக எழுதுகிறவர்களுக்கு

"பத்து ஓநாய்களைக் கொன்றுவிட்டு வா, ஐம்பது பொற்காசு தருகிறேன்." இணைய ஆட்டங்களில் ஆட்டக்காரருக்குத் தரும் பணியைத்தான் குவெஸ்ட் என்கிறோம்; இந்த மாதிரிப் பணியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கொன்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஓநாய்கள் மறுபடியும் அங்கேயே நிற்கின்றன. ஊரில் எதுவும் மாறாதபோது நான் எதற்காகப் போனேன்?

முதல் படி: அரக்கனைத் தேடாதீர்கள், இடத்தைத் தேடுங்கள். நான் எடுத்துக்கொண்டது நெல்லை குறுக்குத்துறை முருகன் கோயில். தாமிரபரணிக்குள்ளேயே நிற்கிறது. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் ஏறினால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வார்கள். பாறையில் செதுக்கிய மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். ஏறும் நீர், குறைந்த நேரம், தூக்கக்கூடியது, தூக்க முடியாதது: குவெஸ்டுக்கு வேண்டிய எல்லாம் இதிலேயே இருக்கிறது.

இதைக் கற்பனை உலகுக்குக் கொண்டுபோங்கள். ஆற்று நடுவே கல்மண்டபம். உள்ளே ஏழு வெண்கல விளக்குகள், ஓர் ஏட்டுக்கட்டு. ஒருவர் ஒரு நடைக்கு ஒன்றைத்தான் தூக்கலாம்.

இரண்டாம் படி: நேரத்தைக் கடிகாரத்தில் காட்டாதீர்கள். படித்துறைக்குப் பன்னிரண்டு கற்படிகள் வையுங்கள்; நீர் ஒவ்வொன்றாக ஏறட்டும். ஐந்தாம் படியில் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்குகிறது. எட்டாம் படியில் வாழை ஒன்று குலையோடு மிதந்து வருகிறது. பத்தாம் படியில், அதுவரை கேட்ட தவளைச் சத்தம் நின்றுபோகிறது. இப்போது ஆட்டக்காரரின் கண் திரையின் மூலைக்குப் போகாது, ஆற்றிலேயே இருக்கும்.

மூன்றாம் படி: தோல்வியையும் எழுதுங்கள். ஏடு நனைந்தால் பாதி எழுத்து அழியட்டும். மீதியை மனப்பாடமாக அறிந்த கிழவியைத் தேடிப் போவது அடுத்த குவெஸ்ட்.

நான்காவது, ஒரே சர்வரில், அதாவது ஆட்டம் ஓடும் பொதுக் கணினியில், பலர் ஆடும் சிக்கல்: ஒருவர் பணியை முடித்ததும் இடம் மாறினால் மற்றவர்களுக்கு என்ன தெரியும்? பணியை முடித்தவருக்கு மட்டும் இடம் மாறித் தெரியும் முறையை வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டம் 2008-இல் லிச் கிங் விரிவாக்கத்தில் பெரிய அளவில் கையாண்டது. 2012-இல் வந்த கில்ட் வார்ஸ் 2 என்ற ஆட்டத்தில் நிகழ்வு எல்லோருக்கும் பொது. காக்கத் தவறினால் ஊர் எதிரியிடம் போகும், மீட்கப் புதிய நிகழ்வு தொடங்கும். நமக்கு இதுதான் பொருந்தும். ஆறு ஒருவருக்கு மட்டும் பெருகுவதில்லை.

கணினியில் ஏற்றுமுன் தாளில் ஆடிப் பாருங்கள். பன்னிரண்டு கோடுகள், எட்டுப் புளியங்கொட்டைகள் போதும். என் அக்கா மகள் எந்தக் கொட்டையையும் தொடாமல், "உள்ளே பூசாரி இருக்கிறாரா, மாமா?" என்று கேட்டாள். அன்றிரவே ஒரு பூசாரியைச் சேர்த்தேன். விளக்குகள் எல்லாம் கரையேறும்வரை அவர் மண்டபத்தை விட்டு வரமாட்டார்.