யாரையும் ஒதுக்காத குளிர்கால அலங்காரம்: அலுவலகத்தில் முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

நவம்பர் முடியப்போகிறது என்றால் போதும், "இந்த வருஷம் டெகரேஷன் நீங்க பாத்துக்கங்க" என்று யாராவது ஒருவர் தலையில் பொறுப்பு வந்து விழும். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்தான் மாட்டுவார். அது நீங்கள் என்றால், ஆன்லைனில் கிறிஸ்துமஸ் மரம் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மரம் வைப்பது தவறில்லை. ஆனால் பல நாட்டு, பல நம்பிக்கைக்காரர்கள் தினமும் எட்டு மணி நேரம் உட்காரும் இடம் அது. பார்க்கிற எல்லோருக்கும் "இது நம்ம இடம்" என்று தோன்ற வேண்டும்.

படி 1: வாங்குவதற்கு முன் கேளுங்கள்

பெயர் கேட்காத ஒரு கூகுள் ஃபார்ம் போதும். மூன்று கேள்விகள் வையுங்கள்: பொது இடத்தில் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்? எது சங்கடமாக இருக்கும்? வாசனை, பூ, மின்னும் விளக்கு போன்றவற்றால் உடல்நலத் தொந்தரவு உண்டா? "உங்கள் மதம் என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். அது உங்களுக்குத் தேவையே இல்லை.

எதுவும் வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. வீட்டில் துக்கம் நடந்தவருக்கு எந்தப் பண்டிகையும் பிடிக்காமல் இருக்கலாம். காரணம் கேட்காமல் விடுங்கள். தோரணம் கட்ட வராதவரை "ஏன் வரலை?" என்று நான்கு பேர் எதிரில் கேட்பதைவிட மோசமான வரவேற்பு கிடையாது.

படி 2: காலண்டரைப் பாருங்கள்

டிசம்பர் என்றால் 25 மட்டும்தான் என்று நினைக்கிறோம். பழைய நாட்காட்டியைப் பின்பற்றும் ரஷ்ய, செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7-இல்தான். ஆண்டின் மிக நீண்ட இரவான டிசம்பர் 21 அல்லது 22-ஐ ஒட்டி ஈரானியர்கள் யல்தா கொண்டாடுகிறார்கள், சீனர்கள் டோங்ஜி கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கிய குவான்சா, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பண்பாட்டு விழா, டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. யூதர்களின் ஹனுக்கா 8 நாள். ஆங்கில நாட்காட்டியில் அது ஒவ்வொரு ஆண்டும் இடம் மாறும், சில ஆண்டுகளில் நவம்பர் கடைசியிலேயே வந்துவிடும். ரமலான் ஆண்டுக்கு 10, 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவதால் 2030-இல் டிசம்பர் கடைசியிலேயே வந்து நிற்கும். சீனர்கள் உள்ளிட்டோர் கொண்டாடும் சந்திரப் புத்தாண்டு ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 20-க்கும் இடையில்.

இவ்வளவையும் சுவரில் ஏற்றச் சொல்லவில்லை. உங்கள் ஆட்களுக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். விருந்துக்குத் தேதி வைக்கும்போதும் இது உதவும்.

படி 3: பருவத்தை அலங்கரியுங்கள்

நல்லெண்ணத்தோடு பலர் சறுக்கும் இடம் இது. "எல்லோரையும் சேர்த்துக்கொள்வோம்" என்று மதத்துக்கு ஒரு பொருள் வாங்கி ஒரே மேசையில் அடுக்குவார்கள். பார்த்தால் அருங்காட்சியகம் மாதிரி இருக்கும். அதிலும் பாதி தப்பாக இருக்கும். ஹனுக்கா விளக்குக்கு 9 கிளைகள்: எட்டு இரவுகளுக்கு எட்டு, மற்றவற்றை ஏற்ற ஒன்று. அவசரத்தில் 7 கிளை விளக்கை வாங்கி வைப்பவர்கள் உண்டு. குவான்சாவின் மெழுகுவர்த்தித் தாங்கியான கினாராவில்தான் 7 மெழுகுவர்த்திகள்: நடுவில் ஒரு கறுப்பு, ஒருபுறம் மூன்று சிவப்பு, மறுபுறம் மூன்று பச்சை. இன்னொன்று, ஹனுக்கா "யூதர்களின் கிறிஸ்துமஸ்" அல்ல. அவர்களுடைய பெரிய புனித நாள்கள் ரோஷ் ஹஷானாவும் யோம் கிப்பூரும் இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். அப்போது வாழ்த்தாமல் விட்டுவிட்டு டிசம்பரில் ஒரு விளக்கை வைத்தால் கணக்கு சரியாகிவிடாது.

அதனால் என் பரிந்துரை இதுதான்: வரவேற்பறை, நடைபாதை, கேன்டீன் போன்ற பொது இடங்களில் ஒளி, பனி, இலை, பைன் காய் என்று பருவம் மட்டும் இருக்கட்டும். மத அடையாளம் வேண்டுமென்றால் அந்த வழக்கம் உள்ளவரே ஆசைப்பட்டுக் கொண்டுவரட்டும். இன்னொருவருக்காக நீங்கள் வாங்கி வைக்க வேண்டாம். நிறத்தில் சிவப்பு-பச்சையை விட்டுவிட்டு வெள்ளை, வெள்ளி, இளமஞ்சள் எடுத்தால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் குழுவில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ இருந்தால் அவர்களுக்கு டிசம்பர் கொளுத்தும் கோடை. அப்போது பனியைவிட "ஆண்டு இறுதி" என்ற கருப்பொருளே நல்லது.

படி 4: காகிதப் பனித்துகள் வெட்டுங்கள்

செலவில்லாதது, எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடியது. பனித்துகளுக்கு இயல்பிலேயே ஆறு கைகள். சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். அதை இன்னொரு தடவை பாதியாக மடியுங்கள். இப்போது காகிதத்தின் நடுப்புள்ளி ஒரு முனையாக வந்திருக்கும். அந்த முனையைப் பிடித்துக்கொண்டு இரு பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சம பாகமாக மடியுங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களை வெட்டிவிட்டு, ஓரங்களில் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டுங்கள். நடுமுனையை முழுவதும் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும், அவ்வளவுதான். மெல்லிய காகிதம் எடுங்கள். 12 அடுக்கை வெட்டக் கத்தரிக்கோல் திணறும்.

படி 5: மாட்டுவதற்கு முன்

எல்.இ.டி. சீரியல் லைட் போதும், அதிகம் சூடாகாது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்றைச் செருகிச் சங்கிலி போடாதீர்கள். தீயணைப்பு ஸ்பிரிங்க்ளரில் எதையும் தொங்கவிடக் கூடாது. அதற்குக் கீழே 45 சென்டிமீட்டராவது காலியாக இருக்கட்டும். அவசர வழிப் பலகையை மறைக்காதீர்கள். சக்கர நாற்காலி போகும் வழியில் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம் விடுங்கள். மரத்தை வைக்க இடம் தேடும்போது முதலில் காணாமல் போவது இந்த வழிதான்.

விளக்கை மின்னவிடாமல் நிலையாக எரிய விடுங்கள். வேகமாக மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும், சிலருக்கு ஒற்றைத் தலைவலி வரும். வாசனை மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம்: நெருப்பும் ஆபத்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வாசனையும் ஆபத்து. கிறிஸ்துமஸுக்கு வைக்கும் சிவப்பு இலைச் செடியான பாயின்செட்டியாவின் பாலும் ரப்பர் பலூனும் லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.

படி 6: அவரவர் மேசைக்கு ஒரே விதி

ஒருவர் சிலுவை வைக்கலாம் என்றால் இன்னொருவர் பிறையும் வைக்கலாம், மூன்றாமவர் எதுவும் வைக்காமலும் இருக்கலாம். அளவு, சத்தம், தீப்பாதுகாப்பு ஆகிய மூன்றில் மட்டும் விதி போட்டு எல்லோருக்கும் ஒரேபோல் அமல்படுத்துங்கள். மேலாளர் அறைக்கும் அதே விதிதான்.

படி 7: கழற்றும் தேதி

மாட்டும்போதே அறிவித்துவிடுங்கள், சந்திரப் புத்தாண்டு கொண்டாடுபவர்கள் இருந்தால் அதற்கேற்பத் தள்ளிவையுங்கள். மாட்டியவர்களே கழற்றட்டும், ஹவுஸ்கீப்பிங் ஊழியர்கள் தலையில் கட்டாதீர்கள். சீரியல் லைட்டை அட்டைத் துண்டில் சுற்றி, எரியாதவற்றைத் தனியாக எடுத்து, பெட்டியின் மேல் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். கூடவே ஃபார்மில் வந்த பதில்களின் பட்டியலையும் போட்டுவையுங்கள், அடுத்த ஆண்டு மாட்டப்போகிறவர் உங்களை வாழ்த்துவார்.