ஆல்ஸ்டன் மூரில் ஓர் ஈயச் சுரங்கம்: குத்தகை எடுப்பதிலிருந்து வெள்ளி விற்பது வரை

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிடைத்த உள்நாட்டு வெள்ளியின் பெரும்பகுதி ஈயத்தோடு கலந்தே மண்ணிலிருந்து வெளிவந்தது. ஆகவே அக்காலத்து வெள்ளி வணிகத்தைப் புரிந்துகொள்ள விரும்புபவர் ஈயச் சுரங்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரில், கம்பர்லாந்து மாவட்டத்தைச் சேர்ந்த ஆல்ஸ்டன் மூர் என்னும் மேட்டுநிலத்தில், 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீங்கள் ஒரு சுரங்கம் தொடங்குவதாக வைத்துக்கொண்டு, செய்ய வேண்டியவற்றை வரிசையாக விளக்குகிறேன்.

தொடங்குமுன் சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் இருப்பது வெள்ளீயம். இங்கே பேசப்படுவது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள், காரீயம் நஞ்சு. அக்காலத்து எடைகளுக்கு நம்மிடம் பழைய சொற்கள் இருப்பதால் அவற்றையே பயன்படுத்துகிறேன்: 112 ராத்தல் ஓர் அந்தர், 20 அந்தர் ஒரு டன். வெள்ளியை மட்டும் டிராய் அவுன்ஸில் நிறுப்பார்கள். ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 31.1 கிராம்.

முதல் படி: நிலத்துக்கு உரியவர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு என்றால் இந்தத் தொழிலில் இறங்கவே தயங்கியிருப்பீர்கள். கெஸ்விக் செப்புச் சுரங்கம் தொடர்பாக நார்தம்பர்லாந்து பிரபுவுக்கு எதிராக 1568இல் வழங்கப்பட்ட தீர்ப்பின்படி, தாதுவில் பொன்னோ வெள்ளியோ கலந்திருந்தால் அச்சுரங்கத்துக்கு அரசர் உரிமை கோரலாம். ஈயத் தாதுவில் வெள்ளி இருப்பதை நிரூபிப்பது தன் சுரங்கத்தைத் தானே இழப்பதற்கு ஒப்பாக இருந்தது. 1689, 1693 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இந்த அச்சத்தை நீக்கின. வெள்ளி கலந்திருந்தாலும் ஈயச் சுரங்கம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்றாகி, தாதுவை டன்னுக்கு 9 பவுண்டு விலையில் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை மட்டும் அரசரிடம் எஞ்சியது. அடுத்த நூற்றாண்டின் சுரங்கத் தொழில் வளர்ச்சிக்கு, எந்தக் கருவியைக் காட்டிலும் இந்த இரண்டு சட்டங்களே பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஆல்ஸ்டன் மூர் டெர்வென்ட்வாட்டர் பிரபுவின் சொத்தாக இருந்தது. 1715ஆம் ஆண்டு கிளர்ச்சியில் சேர்ந்ததற்காக அவர் 1716இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். பறிமுதலான நிலங்களை 1735இல் நாடாளுமன்றம் கிரீனிச் மருத்துவமனைக்கு அளித்தது. பெயர் மருத்துவமனை என்றாலும், அது முதுமையடைந்த கடற்படையினரைப் பேணிய இல்லம். அதன் அலுவலர்களிடம்தான் நீங்கள் குத்தகை கேட்க வேண்டும். நீங்கள் எடுக்கும் தாதுவில் ஐந்தில் ஒரு பங்கை, நம் நிலக்குத்தகையின் மேல்வாரம் போல, அவர்களுக்கு அளக்க வேண்டும். தாதுவை ‘பிங்’ என்ற அளவால் கணக்கிடுவார்கள். ஒரு பிங் 8 அந்தர். நூறு பிங் எடுத்தால் எண்பதுதான் உங்களுடையது என்பதை எல்லாக் கணக்கிலும் நினைவில் வையுங்கள். அருகிலுள்ள வியர்டேலில் நிலம் டர்ஹாம் ஆயருடையது. அங்கே அவர் பங்கு ஒன்பதில் ஒன்று.

இரண்டாம் படி: தாது நரம்பைத் தேடுங்கள்

பாறைப் பிளவுகளை நிரப்பிக்கொண்டு ஏறத்தாழ செங்குத்தாக இறங்கும் தாதுப் படிவையே நரம்பு என்கிறோம். சுண்ணாம்புப் பாறையை ஊடுருவும் இடத்தில் அது அகன்று வளம் பெறும். களிப்பாறைக்குள் நுழைந்ததும் ஒடுங்கிவிடும். ஆகவே முதலில் பாறை அடுக்குகளின் வரிசையைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘பெருஞ்சுண்ணாம்பு’ என்று அப்பகுதியினர் அழைத்த அடுக்கே மிகுதியான தாதுவைக் கொடுத்தது.

மண் மூடிய சரிவில் தேடுவதற்கு ஒரு பழைய வழி உண்டு. சரிவின் உச்சியில் புல்தரைக் கட்டிகளால் அணை கட்டி, மழைநீரைத் தேக்கி, திடீரென உடைத்துவிட்டால் வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போய்ப் பாறையை வெளிக்காட்டும். அந்த ஓடைத் தழும்புகள் இன்றும் அம்மலைகளில் தெரிகின்றன.

மூன்றாம் படி: மாற்றுப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடும் படி இது. பின்னால் வரும் எல்லா முடிவுகளும் இதைப் பொறுத்தவை. பொன்னுக்கு நம் ஊரில் மாற்றுப் பார்ப்பதைப் போல, ஈயத்துக்கும் அதிலுள்ள வெள்ளியின் அளவைப் பார்க்க வேண்டும். கலீனா என்னும் தாது ஈயமும் கந்தகமும் சேர்ந்த சேர்மம். முற்றிலும் தூய்மையானதாக இருந்தால் அதன் எடையில் 86.6 விழுக்காடு ஈயம். அதிலுள்ள வெள்ளி கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பைப் பார்த்து வெள்ளி மிகுதி என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

கழுவிய தாதுவைப் பல இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, பொடித்து, எடைபோட்டு, இளக்கும் பொருளோடு மூசையில் உருக்குங்கள். அடியில் தங்கும் ஈய உருண்டையை நிறுத்தால் தாதுவின் ஈய அளவு தெரியும். அந்த உருண்டையை எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்துக் காற்றோட்டமுள்ள உலையில் சூடாக்கினால், ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகிச் சாம்பலுக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். வெள்ளி மட்டும் ஒரு மணியாக நிற்கும்.

அந்த மணி எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு டன் ஈயத்தில் 10 அவுன்ஸ் வெள்ளி என்றால், ஏறத்தாழ 1,016 கிலோவில் 311 கிராம். 28 கிராம் எடையுள்ள ஈய உருண்டையில் கிடைப்பது 9 மில்லிகிராமுக்கும் குறைவு. ஆகவே நுண்ணிய தராசு வேண்டும். ஒரே சோதனையை நம்பாமல் இரண்டு மூன்று முறை செய்து பார்க்க வேண்டும்.

டன்னுக்கு ஏறத்தாழ 8 அவுன்ஸ் என்பதை எல்லைக்கோடாகக் கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருந்தால், வெள்ளியைப் பிரிப்பதற்கான எரிபொருளும் கூலியும் இழக்கும் ஈயமும் வெள்ளியின் விலையை விழுங்கிவிடும். அந்த ஈயத்தை அப்படியே விற்றுவிடுவதே நல்லது. டெர்பிஷையர் ஈயம் பெரும்பாலும் இந்த வகை. குறைந்த வெள்ளியையும் இலாபமாகப் பிரிக்கும் வழி 1833இல்தான் காப்புரிமை பெற்றது. அதைக் கண்டுபிடித்த ஹியூ லீ பட்டின்சன் ஆல்ஸ்டனிலேயே பிறந்தவர். நாம் பேசும் 1750ஐ ஒட்டிய காலத்தில் அந்த வசதி இல்லை.

நான்காம் படி: சுரங்கத் தொழிலாளரோடு பேரம் பேசுங்கள்

இங்கே நாட்கூலி வழக்கம் குறைவு. நான்கு முதல் எட்டுப் பேர் ஒரு கூட்டாகச் சேர்ந்து, நரம்பின் ஒரு பகுதியைப் பார்வையிட்டு, ஒரு பிங் தாதுவுக்கு இவ்வளவு ஷில்லிங் என்று குறிப்பிட்ட காலத்துக்கு உங்களோடு பேரம் செய்வார்கள். வளமான பகுதிக்கு விலை குறையும். கடினமான, மெலிந்த பகுதிக்கு உயரும். தாது இல்லாத பாறையில் வழி குடைவதற்குக் குடைந்த நீளத்தின்படி தனிப் பேரம். மெழுகுவத்தி, வெடிமருந்து, கருவி தீட்டும் செலவு ஆகியவை தொழிலாளர் கணக்கிலேயே கழியும்.

மாதந்தோறும் அவர்களுக்குப் பிழைப்புக்கான முன்பணம் தர வேண்டும். முழுக் கணக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் தீர்க்கப்படும். நரம்பு ஏமாற்றினால் ஆண்டிறுதியில் அந்தக் குடும்பம் கடனாளியாக நிற்கும். வீட்டிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள சுரங்கங்களில் அவர்கள் வாரம் முழுதும் தங்கும் விடுதி அறைகள் நெருக்கமும் ஈரமும் நிறைந்தவை. குத்தகைதாரரின் கணக்கேட்டில் இந்தத் துன்பத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை என்பதை மறவாமல்தான் இந்தத் தொழிலைக் கற்க வேண்டும்.

ஐந்தாம் படி: நீரை வெளியேற்றுங்கள்

ஆழம் கூடக்கூட நீர் ஊறும். பள்ளத்தாக்கின் பக்கத்திலிருந்து மலைக்குள் மெல்லிய ஏற்றத்தோடு கிடையாக ஒரு வழி குடைந்தால் நீர் தானாக வடியும். போதிய அகலம் இருந்தால் குதிரை இழுக்கும் வண்டியில் தாதுவும் அதே வழியே வெளிவரும். இதற்குப் பெரிய முதலீடும் பல ஆண்டுப் பொறுமையும் வேண்டும். எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டிய பொறியாளர் ஜான் ஸ்மீட்டன், பின்னாளில் கிரீனிச் மருத்துவமனையின் வடபகுதி நிலங்களை நிர்வகித்தபோது, படகு ஓடும் அளவுக்கு அகன்ற நென்ட் ஃபோர்ஸ் வழியைத் திட்டமிட்டார். 1776இல் தொடங்கிய அந்த வேலை அடுத்த நூற்றாண்டிலும் நீண்டது. எதிர்பார்த்த புதிய தாது வளம் அதில் கிடைக்கவில்லை.

ஆறாம் படி: தாதுவைத் தூய்மையாக்குங்கள்

வெளிவரும் கல்லைத் தட்டையான இரும்புச் சம்மட்டியால் உடைத்து, நீருக்குள் சல்லடையைக் குலுக்கினால் கனமான கலீனா அடியில் தங்கும். இலேசான கல் மேலே வரும். நுண்பொடியைச் சாய்ந்த பள்ளத்தில் ஓடும் நீரால் பிரிப்பார்கள். நீர் உறையும் குளிர்காலத்தில் இவ்வேலை நடக்காது. இதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள்.

ஏழாம் படி: உருக்குங்கள்

வட பென்னைன் பகுதியில் புழங்கியது தாது அடுப்பு. கல்லும் வார்ப்பிரும்பும் கொண்டு கட்டிய சிறிய அடுப்பில், நீர்ச்சக்கரத்தால் இயங்கும் பெரிய துருத்திகள் காற்றூத, புல்கரியும் (சதுப்பில் மட்கிய செடிகளாலான எரிபொருள்) சிறிது நிலக்கரியும் எரிய, தாதுவைச் சிறிது சிறிதாக இடுவார்கள். கந்தகம் புகையாகப் போக, உருகிய ஈயம் முன்னால் உள்ள சாய்ந்த பலகைவழியே வடிந்து கொப்பரையில் சேரும். அதை முகந்து அச்சில் ஊற்றிப் பாளமாக்க வேண்டும். லண்டன் ஈயக் கம்பெனி என்று மக்கள் அழைத்த, குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் நடத்திய, 1692இல் சாசனம் பெற்ற கம்பெனியோ, வேல்ஸில் நிலக்கரிச் சுடர் மட்டும் தாதுவின் மேல் படியும் எதிரனல் உலையைப் பயன்படுத்தியது. அக்கம்பெனி பின்னர் ஆல்ஸ்டன் மூரின் நென்ட்ஹெட்டில் வேரூன்றியது.

முதல் உருக்கில் வரும் ஈயமே மென்மையானது, வெள்ளி மிகுந்தது. எஞ்சும் சாம்பல்நிறக் கசடைத் தனி அடுப்பில் கடும் வெப்பத்தில் உருக்கினால் வருவது கடினமான, வெள்ளி குறைந்த ஈயம். இரண்டையும் கலந்துவிடாதீர்கள், தனித்தனியாக முத்திரையிட்டு அடுக்கி வையுங்கள். கலந்துவிட்டால், 10 அவுன்ஸ் ஈயமும் 8க்குக் கீழே இறங்கிவிடக்கூடும்.

புகையைப் பற்றியும் எச்சரிக்கையாக இருங்கள். அது படிந்த புல்லை மேய்ந்த கால்நடைகள் நோயுற்று இறந்தன. ஆகவே உருக்காலையைக் குடியிருப்பிலிருந்து விலக்கிக் கட்டுங்கள்.

எட்டாம் படி: வெள்ளியைப் பிரியுங்கள்

மூன்றாம் படியில் சிறு கிண்ணத்தில் செய்ததையே இங்கே பெரிதாகச் செய்கிறோம். நீள்வட்ட இரும்புச் சட்டத்தில், எலும்புச் சாம்பலோடு சிறிது பெரணிச் சாம்பல் கலந்து ஈரமாக்கி, இடித்து இறுக்கி, நடுவில் குழித்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர விடுங்கள். ஈரம் எஞ்சியிருந்தால் சூட்டில் வெடித்து, அத்தனை உழைப்பும் பாழாகும். இதை உலையின் அடியில் பொருத்தி, உருகிய ஈயத்தை ஊற்றி, மேற்பரப்பின்மீது துருத்தியால் காற்றடியுங்கள்.

ஈயம் மஞ்சள்நிற ஆக்சைடாக மாறி மிதக்கும். சித்த மருத்துவர்கள் மிருதார்சிங்கி என்று அழைப்பது இதுவே. விளிம்பில் வெட்டிய வாய்க்கால் வழியே அதைக் காற்றே தள்ளி வெளியேற்றும். மட்டம் குறையக்குறைய மேலும் ஈயம் ஊற்றிக்கொண்டே போனால், வெள்ளி மட்டும் குழிக்குள் செறிந்துகொண்டே வரும். கடைசி ஆக்சைடுப் படலம் விலகும் நொடியில் மேற்பரப்பில் வானவில் நிறங்கள் ஓடி மறைந்து, திடீரென்று வெள்ளி பளிச்சிடும். அந்த ஒளியே வேலை முடிந்ததற்கான அடையாளம். உடனே காற்றை நிறுத்திவிட்டு மெதுவாக ஆற விடுங்கள். வேகமாக ஆறினால் உட்புகுந்த காற்று வெளியேறும்போது வெள்ளி சிதறித் தெறிக்கும்.

மிருதார்சிங்கியில் ஒரு பகுதியைக் கண்ணாடி செய்பவர்களும் குயவர்களும் வாங்கிக்கொள்வார்கள். மற்றதை நிலக்கரியோடு மீண்டும் உருக்கினால் ஈயமாகத் திரும்பும். இந்தச் சுற்றில் சிறிது ஈயம் இழப்பாகத்தான் செய்யும். அதைக் கணக்கில் எழுதாமல் விட்டவர்கள் இலாபம் என்று நம்பி நட்டப்பட்டிருப்பார்கள்.

ஒன்பதாம் படி: வெள்ளியை விற்பனை செய்யுங்கள்

ஸ்டெர்லிங் வெள்ளி என்பது ஆயிரத்தில் 925 பங்கு தூய்மை. லண்டன் நாணயச்சாலை அந்தத் தரத்தில் ஓர் அவுன்ஸுக்கு 5 ஷில்லிங் 2 பென்ஸ், அதாவது 62 பென்ஸ், என்ற மதிப்பு வைத்திருந்தது. உங்கள் உலையிலிருந்து வருவது ஏறத்தாழ முழுத் தூய வெள்ளி. ஆகவே விற்குமுன் அதைத் தர எடைக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். 1,000 அவுன்ஸ் தூய வெள்ளி 1,081 அவுன்ஸ் ஸ்டெர்லிங்குக்குச் சமம். அதன் மதிப்பு 279 பவுண்டைத் தாண்டும். வெறும் எடையை 62 பென்ஸால் பெருக்கினால் வருவதோ 258 பவுண்டு சொச்சம். ஏறத்தாழ 21 பவுண்டு கைவிட்டுப் போகும்.

நாணயச்சாலை ஒன்றே வாங்குபவர் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் சென்னை உள்ளிட்ட துறைமுகங்களுக்கு இடைவிடாமல் வெள்ளி கொண்டுசென்றதால் லண்டன் சந்தை விலை பல காலங்களில் நாணயச்சாலை விலையைவிட உயர்ந்தே நின்றது. அதனால் அந்த நூற்றாண்டில் வெள்ளிக் காசு அடிப்பது மிகவும் குறைந்தது. வெள்ளித் தட்டும் கிண்ணமும் செய்யும் பொற்கொல்லர்களும் நல்ல வாடிக்கையாளர்கள். அவர்கள் பாத்திரங்களுக்கு முத்திரையிடும் தரச்சோதனை அலுவலகம் 1702 முதல் நியூகாசிலிலேயே இயங்கியது. ஆகவே எல்லா வெள்ளியையும் லண்டனுக்கு அனுப்புவதற்கு முன் அருகிலேயே விலை கேளுங்கள்.

இந்த வழியாக வந்த வெள்ளியை இன்றும் கையில் எடுத்துப் பார்க்கலாம். முதலாம் ஜார்ஜ், இரண்டாம் ஜார்ஜ் காலத்து ஷில்லிங் ஒன்று கிடைத்தால் பின்புறத்தைத் திருப்புங்கள். சிலுவைபோல் அமைந்த நான்கு கேடயங்களின் இடுக்குகளில் ரோஜாப் பூவும் இறகுக் கொத்தும் மாறிமாறி இருந்தால், அந்தக் காசின் வெள்ளி அந்தக் குவேக்கர் கம்பெனி ஈயத்திலிருந்து பிரித்துக் கொடுத்தது.