ஐஸ் ஹாக்கி கோச் ஆக வேண்டுமா? எங்கே தொடங்குவது, எப்படி மேலே போவது

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். வட அமெரிக்காவின் உச்ச ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் ஆடியவர்களுக்குத்தான் கோச் வேலை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஆர்வம் இருந்தும் தொடங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆடியவர்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜான் கூப்பரைப் பாருங்கள். மிச்சிகனில் வக்கீலாக இருந்தவர். 1999இல் ஒரு நீதிபதி கேட்டுக்கொண்டதால் லான்சிங்கில் ஒரு பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார். அங்கிருந்து டெக்சார்கானாவில் ஒரு ஜூனியர் அணி (20 வயது வரையிலான இளைஞர்கள் ஆடுவது), அப்புறம் கிரீன் பே, அப்புறம் என்.எச்.எல்.லுக்கு அடுத்த மட்டமான ஏ.எச்.எல்.லில் நார்ஃபோக். அங்கே 2012இல் தொடர்ந்து 28 ஆட்டங்களில் ஜெயித்து, அதே வருடம் அந்த லீக்கின் கால்டர் கோப்பையையும் வாங்கினார்கள். 2013 மார்ச்சில் என்.எச்.எல்.லின் டாம்பா பே அவரைத் தலைமை கோச்சாக எடுத்துக்கொண்டது. 2020, 2021 என்று அடுத்தடுத்து இரண்டு ஸ்டான்லி கோப்பை, அதாவது என்.எச்.எல். சாம்பியன் பட்டம்.

பாப் ஹார்ட்லி ஒன்டாரியோவில் கார் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், ஹாக்ஸ்பரி என்ற சிறிய ஊரின் ஜூனியர் அணியில் கோச்சாகத் தொடங்கி 2001இல் என்.எச்.எல்.லின் கொலராடோ அணியோடு ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். ஜாரெட் பெட்னர் ஆடியதெல்லாம் கீழ் லீக்குகளில்தான். கோச்சாக 2009இல் ஏ.எச்.எல்.லுக்கும் ஒரு படி கீழான ஈ.சி.எச்.எல்.லின் கெல்லி கோப்பை, 2016இல் கால்டர், 2022இல் ஸ்டான்லி என்று மூன்று மட்டத்திலும் ஜெயித்துவிட்டார்.

மூன்று பேர் கதையிலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: யாரும் பெரிய வேலைக்காகக் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த சின்ன அணியை ஒழுங்காக நடத்தினார்கள், அதை யாரோ கவனித்தார்கள். அதனால் இந்தக் குறிப்புகளில் அந்தச் சின்ன அணிக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

சரி, அதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுவோம். ஸ்கேட்டிங் வேண்டும். நட்சத்திர ஆட்டக்காரர் அளவுக்கு வேண்டாம், ஆனால் பின்பக்கமாகப் போவது, இரண்டு பக்கமும் கிராஸ்ஓவர் எடுத்து (ஒரு காலை மற்றதன் குறுக்கே வைத்து) திரும்புவது, சட்டென்று நிற்பது, ஓடிக்கொண்டே பாஸ் கொடுப்பது இவ்வளவாவது தடுமாறாமல் செய்துகாட்டத் தெரியவேண்டும். வாயால் சொல்வதைவிடச் செய்துகாட்டினால்தான் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். இது வராது என்றால் முதல் வருடத்தை ஸ்கேட்டிங் வகுப்புக்கே கொடுத்துவிடுங்கள், அது வீணில்லை.

அடுத்தது சான்றிதழ். அமெரிக்காவில் ஹாக்கியை நடத்தும் அமைப்பான யு.எஸ்.ஏ. ஹாக்கி நிலை 1 முதல் 5 வரை வைத்திருக்கிறது. முதல் நான்கை ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும், ஒரே சீசனில் எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது, அதனால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. பின்னணிச் சரிபார்ப்பும் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். கனடாவில் ஹாக்கி கனடாவின் படிப்புகள் இருக்கின்றன. மேல்மட்டத்துக்கான ஹை பெர்ஃபார்மன்ஸ் 1இல் வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்தும் மதிப்பிடுவார்கள். சான்றிதழ் உள்ளே நுழைய விடும், அவ்வளவுதான். அதைக் காட்டி யாரும் வேலை வாங்கியதில்லை.

இனி அந்தச் சின்ன அணி. உங்கள் ஊர் கிளப்பில் 10, 12 வயதுப் பிள்ளைகளின் அணிக்கு உதவி கோச்சாகச் சேருங்கள். பெரும்பாலும் சம்பளம் இருக்காது. ஆனால் தொழிலின் அடிப்படையை இங்கேதான் கற்றுக்கொள்ள முடியும், ஏனென்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தலா ஒரு மணி நேரம், 15, 16 பிள்ளைகள், அந்த நேரத்தை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் உங்கள் முதல் பரீட்சை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. முழு ரிங்க்கையும் (ஐஸ் ஆடுகளம்) பிடிக்கும் பெரிய ட்ரில் (பயிற்சி ஓட்டம்) ஒன்றைப் பலகையில் அழகாக வரைந்துகொண்டு வருவார்கள். மூன்று பேர் ஓட, மிச்சப் பேர் மூலையில் வரிசையாக நின்று ஐஸைக் கொத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு பயிற்சியில் ஒரே ஒரு பையனை மட்டும் கவனித்து, அவன் எத்தனை நிமிடம் உண்மையில் நகர்ந்தான், எத்தனை முறை பக்கை (ஹாக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) தொட்டான் என்று எண்ணிப் பாருங்கள். அதிர்ந்துபோவீர்கள்.

இதற்கு மாற்று, ரிங்க்கைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டிலும் ஒரு வேலையை வைப்பது. ஒரு மூலையில் ஸ்கேட்டிங், நடுவில் பாஸ், இன்னொரு மூலையில் குறுகிய இடத்தில் இரண்டுக்கு இரண்டு ஆட்டம். யு.எஸ்.ஏ. ஹாக்கி 2009இல் கொண்டுவந்த அமெரிக்கன் டெவலப்மென்ட் மாடல் என்ற இளையோர் பயிற்சித் திட்டத்தின் அடிப்படையே இதுதான். சின்ன இடத்தில் ஆடும்போது பையன் தலையை நிமிர்த்திப் பார்த்தே ஆகவேண்டும், சீக்கிரம் முடிவெடுத்தே ஆகவேண்டும். ஒரு ட்ரில்லை 30 விநாடிக்குள் விளக்க முடியவில்லை என்றால் அந்த ட்ரில் சரியில்லை, அல்லது உங்களுக்கே அது புரியவில்லை. விளக்கத்தை ஐஸில் இறங்குவதற்கு முன், உடைமாற்றும் அறையிலேயே முடித்துவிடுங்கள்.

ஒவ்வொரு பயிற்சியின் திட்டத்தையும் எழுதி வையுங்கள், முடிந்ததும் எது வேலை செய்தது, எது சொதப்பியது என்று இரண்டு வரி சேருங்கள். மூன்று சீசன் கழித்து நேர்காணலில் "உங்கள் பயிற்சி எப்படி இருக்கும்?" என்று கேட்டால் அந்த நோட்டை எடுத்து நீட்டலாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை.

அப்புறம், ஏதாவது ஒரு வேலையில் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர் ஆகவேண்டும். என்.எச்.எல். அணியில் தலைமை கோச் ஒருவர், அவருக்குக் கீழே முன்வரிசையையும் பவர் பிளேயையும் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது ஆடுவது) பார்க்க ஒருவர், டிஃபென்ஸையும் பெனால்டி கில்லையும் (நம் பக்கம் ஆள் குறைந்திருக்கும்போது தடுத்து ஆடுவது) பார்க்க இன்னொருவர், கோல்காப்பாளருக்கான கோலி கோச், வீடியோ கோச், இளம் ஆட்டக்காரர்களின் திறன் வளர்ச்சிக்கென்று தனியாக ஒருவர் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. வெளியாள் ஒருவர் நேராகத் தலைமை இடத்துக்குப் போக முடியாது, ஆனால் இந்தப் பக்கவாட்டு வேலைகள் வழியாக உள்ளே வரலாம். ஜெசிகா காம்ப்பெல் ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுப்பதில் பெயர் எடுத்தவர். என்.எச்.எல். ஆட்டக்காரர்களே அவரிடம் வந்து பயிற்சி எடுத்தார்கள். அதன் பிறகு ஜெர்மனியில் நூரம்பெர்க் அணி, 2022 உலக சாம்பியன்ஷிப்பில் ஜெர்மனி ஆண்கள் அணியின் உதவி கோச், அதே வருடம் ஏ.எச்.எல்.லில் கோச்செல்லா வேலி. 2024இல் சியாட்டில் கிராக்கன் அணிக்கு வந்தபோது, என்.எச்.எல்.லின் முதல் முழுநேரப் பெண் உதவி கோச் அவர்தான்.

வீடியோ இன்னும் நல்ல வழி என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அதற்கு ஆடிய பெயர் தேவையில்லை, உழைப்பு போதும். என்.எச்.எல். கோச்சாக இருந்த ராஜர் நீல்சன் தொழில்முறையில் ஆடியதே இல்லை. ஆட்டங்களைப் பதிவுசெய்து திரும்பத் திரும்பப் பார்த்து ஆட்டக்காரர்களுக்குக் காட்டியதால் அவருக்கு 'கேப்டன் வீடியோ' என்றே பெயர், இன்றைக்கு எல்லா அணியும் செய்வதை அவர் அப்போதே செய்தார். 2015-16 சீசனில் கோச் சேலஞ்ச் (நடுவரின் தீர்ப்பை வீடியோவில் திரும்பப் பார்க்கச் சொல்லி கோச் கேட்பது) வந்த பிறகு வீடியோ கோச்சின் மதிப்பு ஏறிவிட்டது. ஆஃப்சைடா (பக்குக்கு முன்னால் ஆள் எதிரணிப் பகுதிக்குள் நுழைந்தாரா) இல்லையா என்று சில விநாடியில் பெஞ்சுக்குச் சொல்லவேண்டும், தப்பாகச் சொன்னால் இப்போது 2 நிமிடப் பெனால்டி. பழகுவது எப்படி என்றால், ஏதாவது ஒரு அணியின் 10 ஆட்டங்களை எடுத்துக்கொண்டு அவர்களுடைய பவர் பிளே மட்டும் வெட்டுங்கள். பக்கை எப்படி உள்ளே கொண்டுவருகிறார்கள், 1-3-1 (பின்னே ஒருவர், நடுவில் மூவர், கோல் அருகே ஒருவர்) நிற்கிறார்களா, ஷாட் எங்கிருந்து போகிறது. கடைசியில் 8 கிளிப், ஒவ்வொன்றும் 10, 15 விநாடி. ஆட்டக்காரர்கள் அரை மணி நேர வீடியோவெல்லாம் பார்க்கமாட்டார்கள்.

படிகள் என்று பார்த்தால், வட அமெரிக்காவில் கிளப்பிலிருந்து ஜூனியர் அல்லது கல்லூரி, அங்கிருந்து ஈ.சி.எச்.எல்., ஏ.எச்.எல்., கடைசியில் என்.எச்.எல். ஜூனியரில் உதவி கோச் என்றால் எல்லா வேலையும் உங்கள் தலையில்தான் விழும்: வீடியோ வெட்டுவது, ஆட்டக்காரர் தேடுவது, இரவெல்லாம் பஸ் பயணம், வீட்டை விட்டு வந்து வேறொரு குடும்பத்தோடு தங்கியிருக்கும் 17 வயதுப் பையன் தூக்கம் வராமல் தவித்தால் அதைக் கவனிப்பதும்கூட. கல்லூரியில் பாதி வேலை ஆள் சேர்ப்பு, அது பிடிக்காதவர்கள் அங்கே போகவேண்டாம். ஏ.எச்.எல்.லில் 32 அணி, ஒவ்வொன்றும் ஒரு என்.எச்.எல். அணியோடு இணைந்தது, அதனால் அங்கே ஜெயிப்பதோடு இளைஞர்களை மேலே அனுப்பும்படி வளர்ப்பதும் வேலை. ஐரோப்பா ஒரு சுற்றுவழி என்று சிலர் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹார்ட்லியே இடையில் சுவிட்சர்லாந்து போய் 2012இல் சூரிக்கின் இசட்.எஸ்.சி. லயன்ஸ் அணியைச் சாம்பியன் ஆக்கி, அந்தக் கையோடு என்.எச்.எல்.லுக்குத் திரும்பி கால்கரி அணியின் கோச் ஆனார்.

ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போவது பெரும்பாலும் தெரிந்தவர்கள் வழியாகத்தான். ஒரு தலைமை கோச்சுக்குப் புது வேலை கிடைத்தால் நம்பிக்கையான ஆட்களைக் கூடவே கூட்டிக்கொண்டு போவார். அந்தப் பட்டியலில் இருக்கவேண்டும் என்றால் கோடைக்காலப் பயிற்சி முகாம்களிலும் கோச்சிங் கருத்தரங்குகளிலும் போய் வேலை செய்யுங்கள், தெரியாததைக் கேளுங்கள், கேட்டதைச் செய்துபார்த்துவிட்டு என்ன ஆனது என்று திரும்பச் சொல்லுங்கள். முகவரி வாங்கிக்கொண்டு வேலை கேட்டு எழுதுகிறவர்கள் நூறு பேர், முடிவைச் சொல்ல வருகிறவர்கள் மிகக் குறைவு, அவர்களைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

வேலை போகும். இதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். தலைமை கோச் ஜெரார்ட் கேலன்ட்டை என்.எச்.எல்.லின் ஃபுளோரிடா அணி 2016 நவம்பரில் வெளியூரில் ஒரு ஆட்டம் முடிந்த கையோடு நீக்கியது. பெட்டியோடு டாக்ஸிக்குக் காத்து நின்ற அவருடைய படம் எல்லா இடத்திலும் வந்தது. அடுத்த வருடம் புத்தம் புதிய வேகாஸ் அணிக்குப் போய், அதை முதல் சீசனிலேயே ஸ்டான்லி கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனார், சிறந்த கோச்சுக்கான ஜாக் ஆடம்ஸ் விருதும் வாங்கினார். 2020 ஜனவரியில் வேகாஸும் அவரை நீக்கியது. இது திறமை இல்லாதவருக்கு நடந்ததல்ல. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நடுவில் நீக்கினால் மீதிச் சம்பளம் வருமா, குடும்பம் இடம் மாறும் செலவு யாருடையது என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கீழ் லீக்குகளில் இதைக் கேட்காமல் மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வீட்டில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், அடுத்த பத்து வருடத்தில் நான்கைந்து ஊர் மாறவேண்டி வரலாம்.

கிளப்புகள் அடுத்த சீசனுக்கான கோச்சுகளை வசந்தகாலத்திலிருந்து கோடைக்குள் முடிவு செய்துவிடும். செப்டம்பரில் போய் நின்றால் இடம் இருக்காது. அருகிலுள்ள ரிங்க்கில் பிள்ளைகள் அணியின் பொறுப்பாளர் யார் என்று இந்த வாரமே விசாரித்து, சின்ன வயதுப் பிரிவு எதுவானாலும் சரி, உதவிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். விசிலும் ஒரு சின்ன வரைபலகையும் வாங்கிக்கொண்டால் போதும், ஹெல்மெட் மட்டும் மறக்கவேண்டாம், பயிற்சியின்போது கோச்சுக்கும் அது கட்டாயம்.