ஐந்தே கோடு, அரை டஜனுக்கு மேல் உச்சரிப்பு

டோக்கியோவில் முதல் மாதம். இரவுச் சாப்பாட்டுக்குப் போன கடையின் மெனுவில் '生' என்ற எழுத்து மட்டும் தனியாக நின்றது. ஒரு செங்குத்துக் கோடு, அதைக் குறுக்கே வெட்டும் மூன்று கோடுகள், இடப்பக்கம் சின்னதாய் ஒரு சாய்வு. மண்ணிலிருந்து முளைவிடும் செடியின் வடிவம். 'செய்' என்று கெத்தாகப் படித்துக் கேட்டேன். பரிமாறுபவர் திருதிருவென விழித்தார். அங்கே அது 'நமா', அதாவது பீப்பாய் பீர்.

ஜப்பானில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் கான்ஜி (சீனத்திலிருந்து வந்த எழுத்து) அது. நானோ அதன் உச்சரிப்புகளை செய், ஷோ, இ, உ, ஹ, நமா, கி என்று வாய்ப்பாடு போல உருப்போட்டிருந்தேன். எதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அப்புறம் பட்டியலைக் கிழித்துவிட்டு, முழுச் சொற்களாக எழுதினேன். ஆசிரியர் 'சென்செய்', மாணவர் 'கக்செய்', வாழ்நாள் 'இஷ்ஷோ', வாழ்வது 'இகிரு', பிறப்பது 'உமரேரு', முளைப்பது 'ஹயேரு'. எழுத்துக்குப் பின்னால் ஒட்டி வரும் ஹிரகானா (ஜப்பானிய ஒலியெழுத்து) வாலைப் பார்த்தாலே பாதி குழப்பம் தீர்ந்தது. 'நமா'வுக்கு நம்ம 'பச்சை'யே கைகொடுத்தது: 'நமா தமாகோ' என்றால் பச்சை முட்டை. இதைவிட நல்ல நினைவுக்குறிப்பு எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று வாரத்தில் தடுமாற்றம் போனது. சரி, முடிந்தது என்று நினைத்தால், பூங்காவில் 'புல்தரையில் நடக்காதீர்' பலகை. புல்தரை 'ஷிபஃபு'. அதில் இதே எழுத்து 'ஃபு'வாம்!